பொழுதோடு கவிழ்த்த கூஜா

திருப்பருத்திக்குன்றத்தில் பொழுது சாய்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள மேற்கே பார்க்க வேண்டியதில்லை. குணமாலா வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கவிழ்க்கிற சத்தம் கேட்டால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொல்வார்கள். குடம், சொம்பு, டம்ளர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு அடுப்பையும் அணைத்துவிடுவாள். வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீர் மிச்சமிருந்தால் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். இரவு தங்கிய தண்ணீரில் மறுபடி உயிர் பிறக்கும், அதைக் குடித்தால் பாவம் என்பது அங்கே சமணர்களான நயினார் வீடுகளில் யாரும் வாதாடாத விஷயம். ஆனால் விருந்தாளி வந்தால், குழந்தை அழுதால், யாருக்காவது காய்ச்சல் என்றால் மற்ற வீடுகளில் கண்டும் காணாமலும் இருந்துவிடுவார்கள். குணமாலாவுக்கு அது வராது. பிடித்தால் பிடித்ததுதான். அதற்காகக் கெட்ட மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. களை எடுக்க வந்த பெண்களுக்குத் தனக்கு வைத்திருந்த களியை எடுத்துப் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிற ரகம்.

அவளுடைய ஒரே மகள் பிராமி நர்ஸ் படிப்புக்குப் போனபோது சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ரத்தத்திலும் சீழிலும் கை வைக்கிற வேலை, முட்டையும் மீனும் வேகிற ஹாஸ்டல், நமக்கு ஒத்துவருமா என்றார்கள். அப்பா அப்பாண்டை நயினார் வேர்க்கடலையும் நெல்லும் பயிர் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். நோயாளியைத் தொடுவது பாவம் என்று எந்த முனிவர் சொன்னார் என்று ஒரே கேள்வி கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டார். அதுவும் சாதாரண டிரெயினிங் இல்லை, பி.எஸ்ஸி. டிகிரி. மேற்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற மிஷன் காலேஜில் அந்தப் படிப்பு இருந்தது.

எழுபத்தோராம் வருஷம் அந்தக் காலேஜுக்கும் ஸ்காட்லாந்து தேசத்து யூனிவர்சிடி ஒன்றுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. அங்கிருந்து ஒரு பெண் இங்கே வந்து, கிராமத்து வீட்டில் தங்கி, மூன்று மாதம் சுகாதார வேலை பழகுவாள். இங்கிருந்து ஒருத்தி அங்கே போய் ஒரு வருஷம் படிப்பாள். வருகிற பெண்ணை யார் வீட்டில் தங்க வைக்கிறார்களோ அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் போகிற வாய்ப்பு. வீடு சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. பிராமியின் வகுப்பில் லில்லி என்று ஒருத்தி. மார்க்கில் இவளுக்குச் சரிக்குச் சரி. ஆனால் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் குணமாலாவின் வடிகட்டும் துணியையும் காய்ச்சும் பானையையும் பார்த்து அசந்துபோனார்கள். இடம் பிராமிக்கே என்று முடிவாயிற்று.

வந்த பெண்ணின் பெயர் கிர்ஸ்டி. முகமெல்லாம் மச்சம் தெளித்தாற்போல இருக்கும், ஒல்லி. கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டாள், பச்சைப்பயறு கடையலுக்கு இரண்டாம் தரம் கை நீட்டினாள், தரையில் பாய் போட்டுப் படுத்தாள். தான் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தபோது குணமாலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் ஊரில் ஜூன் மாதம் பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும் என்று அவள் சொன்னதைப் பிராமி தமிழில் சொல்ல, குணமாலாவுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று. மூன்றரைக்குப் பொழுது போனால் பெண் எப்போது சாப்பிடுவாள், காலேஜ் விட்டு வருவதற்குள் அடுப்பு அணைக்கிற நேரம் வந்துவிடுமே என்று அப்பாண்டையை எழுப்பிக் கேட்டாள். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிர்ஸ்டி வெயிலுக்குப் பழகாதவள். இரவில் தண்ணீர் கேட்கும் உடம்பு. பிராமி முதல் நாளே அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். "நம்ம வழக்கம் நமக்கு. அவளுக்கு மட்டும் ஒரு கூஜாவிலே காய்ச்சின தண்ணி ஊத்திப் பாயாண்ட வச்சிடும்மா. நீ தொடவாணாம், அவளே எடுத்துக்குவா." குணமாலா மனசில்லாமல்தான் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டபடி செய்தும் வந்தாள்.

பிராமி பாஸ்போர்ட் விஷயமாகப் பட்டணம் போன அன்றைக்குச் சதுர்த்தசி, நயினார்களுக்கு நோன்பு நாள். குணமாலா கோயிலுக்குப் போய் சுவாமி முன்னால் நின்றவள், யாரையும் கேட்காமல் ஒரு விரதம் எடுத்துக்கொண்டாள். பெண் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற வரைக்கும், பொழுது போன பிறகு தன் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காது. அங்கே மூன்றரை மணி இருட்டில் பிராமி எதையாவது தின்று தொலைத்தாலும் இந்த விரதம் அதை ஈடுகட்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. பெற்றவள் கணக்கு, அதை யார் திருத்துவது?

அன்று மாலை கூஜாவைக் கையில் எடுத்தபோது கிர்ஸ்டியின் நினைப்பு வரத்தான் செய்தது. சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீதியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கப் போயிருக்கிறாள். அங்கே அங்கம்மாள் மோர் விற்கிறவள், இந்தப் பெண்ணைக் கண்டால் விடமாட்டாள், வயிறு ரொம்பத்தான் அனுப்புவாள், ஒரு இரவு தாங்கும் என்று நினைத்துக்கொண்டாள். கூஜாவையும் கவிழ்த்துவிட்டாள்.

கிர்ஸ்டி வரும்போது விளக்கு வைத்தாயிற்று. பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்து வந்தவள். முகம் செக்கச் செவேலென்று வெந்திருந்தது. சமையலறை வாசலில் நின்று வரிசையாகக் கவிழ்ந்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள், கடைசியில் தன் கூஜாவையும் பார்த்தாள். சிரித்தாள், காலைக் கழுவிக்கொண்டு வருவதாகக் கையைக் காட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வாளியும் கயிறும்கூட உள்ளே போய்விட்டன, மாட்டுத்தொட்டி மட்டும் இருந்தது. ஆள்காரர்கள் கைகால் கழுவி, மாடு வாய் வைத்து, நாலு நாள் நின்ற தண்ணீர். கிர்ஸ்டி குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். குணமாலா பின்கட்டுக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அடுப்பு மூட்ட வேண்டும். காலையில் எடுத்த விரதம் மாலைக்குள் முறிந்துவிடும். அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது கிர்ஸ்டிக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. பட்டணத்திலிருந்து திரும்பியிருந்த பிராமி கையும் காலும் ஓடாமல் நிற்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே வாடகைக் கார் பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். இரண்டு இரவு எதையும் சொல்வதற்கில்லை என்றே டாக்டர்கள் சொன்னார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த குணமாலா எச்சில்கூட விழுங்கவில்லை. பெண்ணின் சிநேகிதிக்காக இப்படி உருகுகிறாளே என்று லில்லி அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த நாட்டிலிருந்து ஒப்பந்தத்தைப் பார்வையிட வந்திருந்த பேராசிரியை ஒருவர் இருந்தார். எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். அவர்தான் வராந்தாவில் வைத்து விசாரித்தார். வீட்டுக்கு வெளியே என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள்? லில்லி அன்று எடை பார்க்கக் கூடவே போனவள். அங்கம்மாள் கொடுத்த மோரைச் சொன்னாள், அன்று இரண்டு சொம்பு குடித்தாள் என்றும் சொன்னாள். மேடம் குணமாலா பக்கம் திரும்பி வீட்டில் தண்ணீர் எப்படி என்று கேட்டார். அவளுக்காகப் பிராமியே பதில் சொன்னாள், கொஞ்சம் ரோஷத்தோடு. எங்கள் வீட்டில் வடிகட்டிக் காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, ராத்திரிக்கும் அவளுக்கென்று தனியாகக் கூஜா வைக்கிறோம் என்றாள். சொல்லிவிட்டு, "இல்லேம்மா?" என்று திரும்பிப் பார்த்தாள். குணமாலா தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு தலையாட்டல்தான் எல்லாம். வீட்டில் பழுதில்லை, வெளியேதான் தவறு, ஆகவே ஏற்பாட்டில் மாற்றமில்லை, பிராமி போகலாம் என்று மேடம் எழுதிக்கொண்டார். கிர்ஸ்டி மூன்றாம் நாள் கண் திறந்தாள். தேறிய பிறகு அவளைக் கேட்டபோது, அவளும் மோர் குடித்ததாகத்தான் சொன்னாளாம். அதைக் கேட்டதும் குணமாலாவுக்கு ஏன் என்று புரியவில்லை. தொட்டியை மறந்துவிட்டாளோ, மயக்கத்தில் நினைவு தப்பிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

அங்கம்மாள் வருஷக்கணக்காக இவர்கள் வீட்டுப் பாலைத்தான் வாங்கித் தோய்த்து மோராக விற்றுவந்தாள். விடியற்காலையில் தறிவேலைக்காரர்கள் வீதியில் பாவு விரித்து வேலை முடித்து வருகிற நேரத்துக்கு அவள் பானை தயாராக இருக்கும். இப்போது ஒரு வாரமாக ஆளைக் காணோம். சுகாதாரத்துக்காரர்கள் வந்து நடுவீதியில் பானையை உடைத்து, சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போனதாக அப்பாண்டை கேள்விப்பட்டு வந்து சொன்னார். வீதியில் அவள் கையால் யாரும் பச்சைத்தண்ணீர்கூட வாங்குவதில்லையாம். குணமாலா எருமையை இழுத்துக் கட்டினாள்.

பிறகு ஒரு நாள் காலை அங்கம்மாளே வந்தாள். தலை மொட்டை. புடவையெல்லாம் மண். வரதராஜப் பெருமாள் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்துவிட்டு நேரே வருகிறாளாம். உள்ளே வராமல் மாட்டுக்கொட்டகை ஓரமாகவே நின்றாள்.

"பொண்ணு எழுந்து உக்காந்துதாமே? சாப்புடுதா?"

"சாப்புடுது."

"இனிமே பாலு வாணாம்மா. அத்தச் சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன். மோருப்பானையைத் தொடமாட்டேன்னு சாமிகிட்ட முடி குடுத்துட்டேன்." அங்கம்மாள் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "எப்பவும் ஊத்துற கெணத்துத் தண்ணிதான்மா ஊத்தினேன். வீதியிலே கொழந்தைங்கல்லாம் குடிச்சுது, அதுங்களுக்கு ஒண்ணும் ஆவலே. இது வெள்ளக்காரப் புள்ள, தாங்குமா தாங்காதான்னு நான் யோசிச்சிருக்கணும். 'போதும்க்கா'ன்னுதான் சொல்லுச்சு. நான்தான் இன்னொரு சொம்பு குடின்னு ஊத்தினேன். பெத்தவ அங்க எங்கியோ கெடக்குறா. இந்தப் பாவி கையாலே அது போயிருந்தா நான் என்னாம்மா பண்ணுவேன்?"

அப்போதாவது குணமாலா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு படி அரிசியை எடுத்துவந்து கொடுத்தாள். அங்கம்மாள் வாங்கவில்லை, தன் பாவம் இவளுக்கும் தொற்றும் என்று அவளே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் போன பிறகு குணமாலா கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் பாவத்தைச் சுமந்துகொண்டு இன்னொருத்தி மொட்டையடித்துக்கொண்டு போகிறாள், தான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். புழு பூச்சி சாகக் கூடாது என்று தண்ணீரை வடிகட்டுகிறவள் அவள்.

அன்றைக்குப் பிராமி கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். போக இன்னும் சில நாட்களே இருந்தன. குணமாலா அவள் எதிரில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து மொட்டை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பிராமியின் கை நின்றது. எது காரணம் என்று இனி யாராலும் தீர்மானமாகச் சொல்ல முடியாது, மோராகவும் இருக்கலாம் என்று முதலில் சொன்னாள். பிறகு பிராமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்ப சொன்னா என் சீட்டு போயிடும்மா. நான் ஏறிப் போயிட்டப்புறம் சொல்லிக்கலாம். கொஞ்ச நாளுதானே. அங்கம்மாக்காவை அப்புறம் நானே பாத்துக்குறேன்."

குணமாலா சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகக் கவிழ்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் செய்த காரியத்தைப் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்தாயிற்று.

மறுநாள் நன்றாக விடிவதற்குள் வேகவதி ஆற்று மணலைக் கடந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு நடந்து போனாள். வீதியில் பாவு போட்டிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டிழை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று கஞ்சி தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நடுவே கையை எடுத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு பாவே பாழாகிவிடும். மோரை விட்டுவிட்ட அங்கம்மாள் இப்போது கூலிக்கு அறுந்த இழைகளை முடிந்துகொண்டு வந்தாள். அவளுக்கு இருபுறமும் இருந்தவர்கள் ஒரு முழம் தள்ளியே நின்றார்கள்.

குணமாலா அவள் எதிரே போய் நின்றாள். பாவு நடுவே இருந்தது.

"அங்கம்மா, அது உன் மோரு இல்லே. எங்க வீட்டு மாட்டுத்தொட்டித் தண்ணி. நான் தண்ணி வைக்காம எல்லாத்தையும் கவுத்துட்டேன். அந்தப் பொண்ணு தாகம் பொறுக்காம தொட்டியிலே அள்ளிக் குடிச்சுது. நான் பாத்துக்கினே நின்னேன். டாக்டருங்க கேட்டப்போ வாயைத் தெறக்கலே."

தேய்த்துக்கொண்டிருந்த கைகள் தடுமாறின. பாவுக்குச் சொந்தக்காரர் தணிகாசலம் நிமிரவில்லை. பாவு காய்கிறது, யாரும் கையை எடுக்காதீர்கள், காதுதான் சும்மா இருக்கிறதே, கேட்டுக்கொண்டே தேயுங்கள் என்று மட்டும் சொன்னார். எல்லாரும் தேய்த்தார்கள். அங்கம்மாள் கையிலிருந்த இழையை முடிந்து முடித்தாள், எச்சில் தொட்டு முறுக்கினாள். பிறகுதான் தலையைத் தூக்கினாள். மொட்டைத் தலையில் நேற்றுப் பூசிய சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சோறு எறங்காம கெடந்தேன்மா. தூங்கினா அந்தப் புள்ள மூஞ்சி. நான் வந்து உங்கொட்டாயிலே நின்னு அழுதேனே, அப்பவும் உனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்தக் கோடியிலே கேட்டிருக்காது. இன்னொரு வாட்டி சொல்லு."

குணமாலா பாவின் ஓரமாகவே நடந்தாள். அந்தக் கோடி வரைக்கும் முகங்கள் அவளைப் பார்த்துத் திரும்பின. வீதி முனையில் போய் நின்று, தொட்டி, கூஜா, தலையாட்டல் என்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பினால் பின்னால் பிராமி நின்றிருந்தாள். அம்மாவைப் படுக்கையில் காணாமல் தேடிக்கொண்டு வந்தவள்.

பிராமி அம்மாவைத் திட்டவில்லை. அங்கம்மாளிடம் போய்ப் பேசவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. பாவின் ஓரத்தில் நின்று, நேற்றுத் தான் சொன்ன வார்த்தையை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, முகமெல்லாம் கறுத்துவிட்டது. மேடத்திடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மேடம் கோபித்துக்கொள்ளவில்லையாம். ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். லில்லிக்கு இடம் மாறிற்று. பிராமி தான் பின்னிய கம்பளிச் சட்டையை அவளுக்கே கொடுத்துவிட்டாள். லில்லி அதை வாங்கிக்கொண்டு அழுதாள், பிராமி அழவில்லை. ஊர் முழுக்கப் பெண் சீமைக்குப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்த அப்பாண்டை நயினார் ஒரு வாரம் கோயில் பக்கம் போகவில்லை. அங்கம்மாளின் புதுப்பானைக்கு முதல் மோர் வாங்கிக் குடித்தவர் தணிகாசலம். பாலை மட்டும் அவள் வேறு வீட்டில் வாங்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்ட கிர்ஸ்டி, ஊருக்குத் திரும்புமுன் ஒரு தரம் சொல்லிக்கொள்ள வந்தாள். அன்றும் பஸ் தாமதம். அவள் வாசலில் வந்து நின்றபோது இருட்டியிருந்தது. பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. குணமாலா அவளைப் பார்த்தாள். நேரே போய் அடுப்பை மூட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பொழுது போன பிறகு அடுப்பு எரிந்ததில்லை. அப்பாண்டை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தண்ணீரை வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆற்றி முடிக்கிற வரைக்கும் கிர்ஸ்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது, எலும்பு தெரிந்தது.

டம்ளரை நீட்டினாள் குணமாலா. கிர்ஸ்டி வாங்கவில்லை. வெளியே இருட்டைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். இத்தனை நாளில் கற்ற தமிழில், "பொழுது போயிடுச்சும்மா. காலையிலே குடிக்கிறேன்" என்றாள்.

குணமாலாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னிக்கு நீ தொட்டியிலே குடிச்சப்போ நான் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். பாத்துக்கினு இருந்தேம்மா."

கிர்ஸ்டி தலையசைத்தாள். "தெரியும்மா. பாத்தேன்."

பக்கத்தில் நின்றிருந்த பிராமி இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பாள். கிர்ஸ்டி அவளுக்குப் பதில் சொல்லாமல் குணமாலாவைப் பார்த்தே சொன்னாள்.

"பிராமி எங்க ஊருக்கு வரணும். அதான்."

குணமாலா நீட்டிய கையை மடக்கவில்லை. கிர்ஸ்டி டம்ளரை வாங்கி, நின்று, மெதுவாக முழுவதையும் குடித்தாள். பிறகு அதைக் கழுவிக்கொண்டு வந்து மற்ற பாத்திரங்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.